சிதறிய குலம் – 23: இரண்டு பெயர்க்காரி

சென்ற வாரம் உங்களை இத்தாலியின் அங்கோனா துறைமுகத்துக்கு வெளியே நிறுத்தியிருந்தேன். போப் நான்காம் பவுல் மூட்டிய தீ, அதற்கு யூத வணிகர்கள் கொடுத்த பதிலடி இரண்டையும் இந்த வாரம் சொல்வதாக வாக்கு. ஆனால் பதிலடிக்குப் பின்னால் நின்ற பெண்மணியைச் சொல்லாமல் உள்ளே நுழைய மனம் வரவில்லை.

1510-இல் லிஸ்பனில் பிறந்தவர். ஊருக்கு அவர் பியாட்ரிஸ் தெ லூனா. அது ஞானஸ்நானப் பெயர். வீட்டுக்குள் கிராசியா. 1497-இல் மன்னர் மானுவேல் போர்ச்சுகல் யூதர்களைக் கட்டாயமாக மதம் மாற்றியதன் விளைவு, ஓர் உடம்புக்கு இரண்டு பெயர்.

இப்படி மதம் மாற்றப்பட்டவர்களை ஸ்பானியர்கள் 'மரானோ' என்றார்கள். பன்றி என்று பொருள். வரலாற்று நூல்கள் அந்தச் சொல்லை இன்னும் கூசாமல் ஆள்கின்றன. நான் ஆளமாட்டேன். யூதர்களின் சொல் 'அனூசிம்', வற்புறுத்தப்பட்டவர்கள். முன்னது வைதவர் சொல், பின்னது பட்டவர் சொல்.

கணவர் பிரான்சிஸ்கோ மெண்டெஸ் மிளகு வியாபாரி. மலபாரிலிருந்து லிஸ்பனில் வந்திறங்கிய மிளகை ஆன்ட்வெர்ப்பில் அவர் தம்பி தியோகோ விற்றார். கணவர் இறந்தபோது கிராசியாவுக்கு முப்பதுகூட ஆகவில்லை. 1536-இல் இன்க்விசிஷன் என்ற மதவிசாரணை மன்றம் போர்ச்சுகலுக்கும் வந்தது. மகளையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு ஆன்ட்வெர்ப் போனார். தியோகோவும் இறக்க, மொத்த வியாபாரமும் அவர் கைக்கு வந்தது. பேரரசர் ஐந்தாம் சார்லஸ் அந்தப் பணத்தின் மேல் கண் வைக்கவும், வெனிஸுக்கு நழுவினார். அங்கே சொத்துத் தகராறில், 'இவள் ரகசியமாக யூத மதத்தைக் கடைப்பிடிக்கிறாள்' என்று காட்டிக்கொடுத்தவள் கூடப்பிறந்த தங்கை பிரியாண்டா. அவளை மட்டும் என்னால் மன்னிக்க முடிவதில்லை.

ஃபெராராவில்தான் மூச்சு வந்தது. 1553-இல் அங்கே ஸ்பானிய மொழியில் அச்சான எபிரேய வேதத்தின் பிரதிகள் சிலவற்றில் சமர்ப்பணப் பக்கத்தைப் பாருங்கள்: தோன்யா கிராசியா நாசி. கதவைச் சாத்திக்கொண்டு கூப்பிட்ட பெயர் அச்சில் ஏறிவிட்டது!

அதே ஆண்டு சுல்தான் சுலைமானின் கான்ஸ்டான்டிநோபிளை அடைந்தார். லிஸ்பனில் கிறிஸ்தவராகப் புதைக்கப்பட்ட கணவரின் எலும்புகளை எருசலேம் மண்ணுக்குக் கொண்டுபோய் மறுபடி அடக்கம் செய்ய வைத்தார். தன் பெயரை மீட்டவர், செத்தவருக்கும் அவருடைய மண்ணை மீட்டுக் கொடுத்தார்.

அங்கோனாவில் அனூசிம் எரிக்கப்பட்ட செய்தி 1556-இல் வந்து சேர்ந்தது இவரிடம்தான். மிளகு விற்றவருக்கு ஒரு துறைமுகத்தின் உயிர்நாடி எங்கே இருக்கிறதென்று தெரியாதா? அங்கோனாவுக்குச் சரக்கு போகக்கூடாது என்றார்.

சரக்கு நின்றதா? அடுத்த வாரம்.