நடுவில் ஒரு படி

2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 விமானங்களுக்கு விடை கொடுத்தார்கள். 1963ல் முதல் மிக்-21 ஸ்க்வாட்ரன் உருவானதும் அதே சண்டிகரில்தான். 62 வருட சேவை. மறுநாள் பத்திரிகைகளில் பாதி புகழாரம், பாதி 'பறக்கும் சவப்பெட்டி' என்ற பழைய பட்டப்பெயர்.

விமானப்படையில் இருபது வருடம் ஏர்ஃப்ரேம் ஃபிட்டராக இருந்தவன் நான். விமானம் ஓட்டியவன் இல்லை. ஓட்டியவர்களை இருக்கையில் உட்கார வைத்து பெல்ட் மாட்டி அனுப்பியவன். பயிற்சி நிலையத்திலும் இருந்திருக்கிறேன், போர் விமானத் தளத்திலும் இருந்திருக்கிறேன். அதனால் அந்தப் பட்டப்பெயரைப் படிக்கும்போதெல்லாம் ஒன்று சொல்லத் தோன்றும். விமானத்தில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பல வருடங்களுக்குக் குறை ஏணியில் இருந்தது. நடுவில் ஒரு படி இல்லாத ஏணியில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதுப் பையன்களை ஏறச் சொன்னோம்.

முதலில் அந்த ஏணி எப்படிப்பட்டது என்று பார்ப்போம்.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், கணிதம் படித்துவிட்டு என்.டி.ஏ. வழியாகப் போகலாம். பட்டம் முடித்து சி.டி.எஸ். அல்லது ஏ.எஃப்.கேட். தேர்வு எழுதியும் போகலாம். எந்த வழியில் போனாலும் தேர்வு வாரியத்தில் ஒரு விசேஷ சோதனை உண்டு. எங்கள் காலத்தில் அதை பி.ஏ.பி.டி. என்பார்கள். கருவிகளின் படத்தைப் பார்த்து விமானம் எந்த நிலையில் பறக்கிறது என்று சொல்ல வேண்டும். பிறகு ஒரு இயந்திரத்தில் உட்கார்ந்து, கையால் ஸ்டிக்கையும் காலால் பெடலையும் இயக்கி, நகரும் ஒளிப்புள்ளியைக் கட்டத்துக்குள் நிறுத்த வேண்டும். நடுவில் விளக்கு எரியும், அதையும் அணைக்க வேண்டும். இப்போது அது கம்ப்யூட்டருக்கு மாறி சி.பி.எஸ்.எஸ். ஆகிவிட்டது. மாறாத விதி ஒன்று: வாழ்நாளில் ஒரே ஒரு வாய்ப்பு. தேறாவிட்டால் வேறு பிரிவுக்குப் போகலாம், விமானியாக முடியாது.

பிறகு உடம்பின் அளவு. உயரம் குறைந்தது 162.5 செ.மீ. உட்கார்ந்த நிலையில் உயரம், காலின் நீளம், தொடையின் நீளம் எல்லாவற்றுக்கும் எல்லை உண்டு. தொடை 64 செ.மீ.க்கு மேல் இருந்தால் ஆகாது. ஆபத்தில் இருக்கையோடு வெளியே எகிறும்போது முழங்கால் முன்பலகையில் இடிக்கக்கூடாது என்பதுதான் காரணம். நன்றாகப் படித்த பையன்கள் இரண்டு செ.மீ.க்காகத் திரும்பிப் போனதுண்டு.

இதெல்லாம் தாண்டினால் ஹைதராபாத் அருகே துண்டிகல் அகாடமி. அங்கே முதல் கட்டப் பயிற்சி சிறிய விமானத்தில். அதன் முடிவில் பிரித்துவிடுவார்கள்: போர் விமானம், சரக்கு விமானம், ஹெலிகாப்டர். திறமை, உடல்நிலை, படையின் தேவை, பையனின் விருப்பம் எல்லாம் பார்த்துத்தான் பிரிப்பார்கள். வரிசையில் விருப்பத்தைக் கடைசியில் எழுதியிருக்கிறேன். நடைமுறையிலும் அது பெரும்பாலும் கடைசிதான். சரக்கு விமானத்துக்கு எலஹங்கா, ஹெலிகாப்டருக்கு ஹக்கிம்பேட்டை என்று பாதை பிரியும்.

இவர்களுக்குக் கற்றுக்கொடுக்கும் இன்ஸ்ட்ரக்டர்கள் எங்கே உருவாகிறார்கள்? நம்ம தாம்பரத்தில். விமானப் பயிற்றுநர் பள்ளி 1948ல் அம்பாலாவில் தொடங்கி, 1954ல் தாம்பரத்துக்கு வந்தது. நம் விமானப்படையின் பயிற்றுநர்கள் இந்த ஓடுதளத்தில்தான் கற்பிக்கக் கற்றிருக்கிறார்கள். வண்டலூர், சேலையூர் பக்கம் குடியிருப்பவர்களுக்கு அது தினமும் தலைக்கு மேல் கேட்கும் சத்தம், அவ்வளவுதான்.

பயிற்சி நிலையத்தில் மறக்க முடியாதது முதல் சோலோ. காலையில் இரண்டு பேராகப் போய் வருவார்கள். இறங்கியதும் இன்ஸ்ட்ரக்டர் எஞ்சினை அணைக்கச் சொல்லாமல் தான் மட்டும் இறங்கிவிடுவார். எங்களைப் பார்த்துத் தலையை ஆட்டுவார். காலி இருக்கையின் பெல்ட்டுகளை இறுக்கிக் கட்டுவது எங்கள் வேலை. தளர்ந்து ஆடும் ஒரு பெல்ட் ஸ்டிக்கில் சிக்கினால் போதும், கதை முடிந்தது. அப்போது பக்கத்தில் இருக்கும் பையனின் முகத்தைப் பார்க்க வேண்டும். சிலர் சிரிப்பார்கள், சிலர் உதட்டைக் கடித்துக்கொள்வார்கள். ஒருவர் என்னிடம், "கார்ப்பரல், நல்லா இறுக்கிட்டீங்கல்ல?" என்று இரண்டு தடவை கேட்டார். பத்து நிமிடத்தில் சுற்றிவிட்டு வந்து இறங்கும்போது அவர் வேறு ஆள்.

சோலோவுக்குப் போகாமலே நின்றவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரு கேடட், சேலம் பக்கத்துப் பையன், புத்திசாலி. தரையில் எதைக் கேட்டாலும் பதில் சொல்வான். மேலே போனால் இறங்கும் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியவில்லை. மூன்று இன்ஸ்ட்ரக்டர்கள் மாறி மாறிப் பார்த்தார்கள். கடைசியில் பறக்கும் பயிற்சியிலிருந்து நிறுத்தித் தரைப் பணிக்கு மாற்றினார்கள். அன்று மாலை ஹேங்கருக்கு வந்து எங்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனான். ஊரில் அப்பாவுக்கு என்ன எழுதுவது என்றுதான் அவனுக்குக் கவலை. அப்போது எனக்கும் வருத்தம்தான். பிறகு போர் விமானத் தளத்துக்குப் போனபோது, அந்த மூன்று இன்ஸ்ட்ரக்டர்கள் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏனென்றால் அங்கே நின்றது மிக்-21.

பயிற்சியில் இந்தப் பையன்கள் ஓட்டியது கிரண் ஜெட். நம்ம எச்.ஏ.எல். தயாரிப்பு, 1964ல் முதலில் பறந்தது. சாதுவான பசு மாதிரி. இன்ஸ்ட்ரக்டரும் மாணவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரலாம். மிக்-21 அப்படியல்ல. சின்ன முக்கோண இறக்கை, ஒலியைப் போல இரு மடங்கு வேகம், இறங்க வரும்போதே மணிக்கு 300 கி.மீ.க்கு மேல். இரட்டை இருக்கைப் பயிற்சி விமானத்தில் பின்னால் உட்காரும் இன்ஸ்ட்ரக்டருக்கு முன்பக்கம் சரியாகத் தெரியாது. பிந்தைய மாதிரியில் பெரிஸ்கோப் வைத்திருந்தார்கள். டி.வி.எஸ். 50 ஓட்டப் பழகியவனை மறுநாள் நெடுஞ்சாலையில் லாரி ஓட்டச் சொன்னது போல.

முன்பு நடுவில் படிகள் இருந்தன. வாம்பயர் பயிற்சி விமானம் இருந்தது, பிறகு ஹண்டர். அவை வயதாகிக் கழிந்தபோது அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. 1986ல் தேஜ்பூரில் மிக்-21களை வைத்தே ஒரு பயிற்சிப் பிரிவு தொடங்கினார்கள். அதாவது, படி இல்லாததால் மாடியையே படியாக வைத்துக்கொண்டார்கள்.

இந்த ஆபத்து யாருக்கும் தெரியாமல் இல்லை. 1982லேயே, பின்னாளில் தளபதியான லா ஃபோன்டைன் தலைமையில் அமைந்த குழு விபத்துகளை ஆராய்ந்து, 'உயர்நிலை ஜெட் பயிற்சி விமானம் ஒன்று தேவை' என்று எழுதிக் கொடுத்துவிட்டது. அதன் பிறகு பிரிட்டனின் ஹாக்கா, ஐரோப்பாவின் ஆல்ஃபா ஜெட்டா என்ற ஆராய்ச்சி. விலை பேரம். நிதி இல்லை. போஃபர்ஸ் விவகாரத்துக்குப் பிறகு எந்த ஆயுதக் கொள்முதல் கோப்பிலும் கையெழுத்துப் போட எல்லோருக்கும் பயம் என்பது என் கருத்து. ஒப்பந்தம் 2004 மார்ச்சில்தான் கையெழுத்தானது, 66 ஹாக் விமானங்களுக்கு. அவை பீதரில் முறைப்படி சேவையில் சேர்ந்தது 2008 பிப்ரவரி. 1982ல் பிறந்த குழந்தை வளர்ந்து, படித்து, மிக்-21 விமானியாகி, அதில் சில வருடம் பறந்தும் முடித்திருக்கக்கூடிய காலம் அது.

கணக்கு என்ன? 2012ல் பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. அந்தோணி நாடாளுமன்றத்தில் சொன்னார்: வாங்கிய 872 மிக் ரக விமானங்களில் 482 விபத்துக்குள்ளாயின, இறந்தவர்கள் 171 விமானிகள், 39 பொதுமக்கள், படையைச் சேர்ந்த வேறு 8 பேர். எல்லாம் பயிற்சிக் குறையால் என்று சொன்னால் அது நியாயமல்ல. எஞ்சின் கோளாறு உண்டு, பறவை மோதியது உண்டு, சோவியத் யூனியன் உடைந்த பிறகு உதிரிபாகத் தட்டுப்பாடு உண்டு. ஆனால் நடுப்படி இருந்திருந்தால் இதில் சிலராவது இன்று பேரன் பேத்தியோடு இருந்திருப்பார்கள்.

2001 செப்டம்பரில் சூரத்கரில் இரவுப் பறப்பில் இறந்த ஃப்ளைட் லெப்டினென்ட் அபிஜித் காட்கிலின் பெற்றோரைப் பலருக்கு நினைவிருக்கும். திசை தடுமாறிய விமானியின் பிழை என்று முதலில் சொன்னதை அவர்கள் ஏற்கவில்லை. வருடக்கணக்கில் கேள்வி கேட்டார்கள், மகன் பெயரில் விமானப் பாதுகாப்புக்கு ஒரு அமைப்பே தொடங்கினார்கள். 'விமானியின் பிழை' என்ற சொல்லை அதன் பிறகு நான் எளிதில் எழுதுவதில்லை. ஒருவன் எதைக் கற்றுக்கொள்ள வாய்ப்பே தரப்படவில்லையோ, அதைச் செய்யாததை அவன் பிழை என்று எப்படிச் சொல்வது?

மேல்படி வந்து சேர்ந்த மறு வருடமே கீழ்ப்படி உடைந்தது. எச்.பி.டி-32 என்ற ஆரம்பப் பயிற்சி விமானத்தில் எஞ்சின் நின்றுபோகும் கோளாறு தீரவே இல்லை. 2009 ஜூலையில் மேதக் மாவட்டத்தில் ஒன்று விழுந்து இரண்டு இன்ஸ்ட்ரக்டர்கள் இறந்தார்கள். இரண்டு பேருமே கற்றுக்கொடுப்பவர்கள் என்பதைக் கவனியுங்கள். அத்தோடு அந்த விமானங்களை நிறுத்தினார்கள். சுவிட்சர்லாந்தின் பிலாடஸ் விமானங்கள் 75 வாங்கி 2013ல் பயிற்சி தொடங்கும்வரை, புதிதாகச் சேர்ந்தவர்கள் நேராகக் கிரண் ஜெட்டிலேயே அ, ஆ, இ படித்தார்கள். இப்போது பிலாடஸ், கிரண், ஹாக் என்று ஏணி முழுமையாக இருக்கிறது. கிரணுக்குத்தான் வயதாகிவிட்டது.

சரி, ட்ரோன்களுக்கு வருவோம். 'இனி விமானியே தேவையில்லையாமே?' என்று இப்போது பலரும் கேட்கிறார்கள்.

ட்ரோன் நமக்குத் தூரத்து விஷயமில்லை. ராமநாதபுரம் அருகே உச்சிப்புளியில், ஐ.என்.எஸ். பருந்து கடற்படைத் தளத்தில் 2012லிருந்து ஆளில்லா விமான ஸ்க்வாட்ரன் இருக்கிறது. கடற்படை 2020ல் குத்தகைக்கு எடுத்த இரண்டு பெரிய அமெரிக்க ட்ரோன்கள் அரக்கோணம் ராஜாளி தளத்திலிருந்து பறந்தன. அதில் ஒன்று 2024 செப்டம்பரில் வங்கக் கடலில் விழுந்தது. யாருக்கும் காயமில்லை; செய்தியும் இரண்டு நாளில் மறந்துபோனது. அடுத்த மாதமே அதே ரகத்தில் 31 வாங்க ஒப்பந்தம் போட்டார்கள்.

இதை ஓட்டுவது யார்? ஆரம்பத்தில் விமானிகளிலிருந்தும் மற்றப் பிரிவுகளிலிருந்தும் ஆள் எடுத்து உட்கார வைத்தார்கள். அமெரிக்காவிலும் அப்படித்தான் தொடங்கியது. போர் விமானிகளைச் சில வருடங்களுக்கு இழுத்துவந்து ட்ரோன் முன் உட்கார வைத்தார்கள். அவர்களுக்கோ எப்போது திரும்பிப் போவோம் என்பதே நினைப்பு. 2010 வாக்கில் ட்ரோனுக்கென்றே தனிப் பிரிவும் தனிப் பயிற்சியும் வந்தன. அதிலும் ஒரு விஷயம் பாருங்கள்: அந்த மாணவர்களை முதலில் கொலராடோவில் சின்ன நிஜ விமானத்தில் பறக்க வைத்து, சோலோவும் அனுப்பிவிட்டுத்தான் சிமுலேட்டருக்குக் கூட்டிப்போகிறார்கள். காற்று என்றால் என்ன என்று உடம்புக்குத் தெரிய வேண்டுமாம். 2017ல் அதிகாரி அல்லாத ஏர்மேன்களையும் குளோபல் ஹாக் ட்ரோனுக்கு விமானிகளாக்கினார்கள். நாற்பது வருடம் முந்தியிருந்தால் நானும் மனு போட்டிருப்பேன்.

ஆனால் மரியாதை அவ்வளவு சீக்கிரம் வரவில்லை. 2013 பிப்ரவரியில் தூரத்திலிருந்து போரிடுபவர்களுக்கு ஒரு பதக்கம் அறிவித்தார்கள். உயிரைப் பணயம் வைத்தவர்களின் பதக்கத்துக்கு மேலே இதற்கு இடமா என்று முன்னாள் வீரர்கள் கொதித்தார்கள். ஏப்ரலில் ரத்து. ஷிப்ட் ஷிப்டாகத் திரையைப் பார்த்து, சில நேரம் ஒரு மனிதன் சாவதையும் பார்த்துவிட்டு, சாயங்காலம் வீட்டுக்குக் காய்கறி வாங்கிப் போகும் வேலை எவ்வளவு கனமானது என்பது பிறகுதான் மெல்லப் புரிந்தது.

நம் விமானப்படை 2022 அக்டோபரில் ஆயுத அமைப்புகளுக்கென்று புதிய அதிகாரிகள் பிரிவை அறிவித்தது. அதன் நான்கு கிளைகளில் ஒன்று தொலைவிலிருந்து இயக்கும் விமானம். அதாவது இது இனி வேறு பிரிவிலிருந்து வந்து போகும் வேலை அல்ல, தனி வாழ்க்கைத் தொழில். எனக்கு இதில் சந்தோஷம். பயமும் உண்டு. ட்ரோன் விழுந்தால் சவப்பெட்டி வராது. சவப்பெட்டி வந்துகொண்டிருந்தபோதே நடுப்படிக்கு 26 வருடம் ஆனது. சவப்பெட்டியே வராத இடத்தில் பயிற்சியை யார் அவசரமாகக் கேட்பார்கள்? ட்ரோன் தவறாகப் பார்த்தால் சாவது ஓட்டுபவன் இல்லை, கீழே இருப்பவன்.

பிள்ளைகளை இந்தத் துறைக்கு அனுப்ப நினைக்கும் பெற்றோருக்கு இரண்டு வார்த்தை. ஏ.எஃப்.கேட். வழியாகக் குறுகிய காலப் பணியில் சேரும் விமானிக்கு 14 வருடம்தான், ஓய்வூதியம் கிடையாது. சரக்கு விமானம் ஓட்டியவருக்கு ஏர்லைன்ஸ் வழி எளிது, மற்றவர்கள் முன்னதாகவே யோசிக்க வேண்டும். அந்த ஒருமுறைச் சோதனைக்குப் பையனோ பெண்ணோ தூக்கமில்லாமலும் காய்ச்சலோடும் போக வேண்டாம். தேறாவிட்டால் அதைத் தோல்வி என்று வீட்டில் யாரும் பேச வேண்டாம். கையும் கண்ணும் சேரும் விதம் ஒவ்வொருவருக்கும் ஒரு மாதிரி. எந்த விமானம் கொடுப்பார்கள் என்று கேட்பதற்கு முன், எந்த விமானத்தில் கற்றுக்கொடுப்பார்கள் என்று கேளுங்கள். எங்கள் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எந்தப் பெற்றோருக்கும் யாரும் சொல்லவில்லை.