வினா பிழைத்தால் விடையும் பிழைக்கும்

பல ஆண்டுகளுக்கு முன் முதுகலை மாணவர்களுடன் தென்மாவட்டக் கிராமம் ஒன்றுக்குக் கள ஆய்வுக்குச் சென்றிருந்தேன். திண்ணையில் அமர்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண்மணியிடம், 'வேலைக்குப் போறீங்களாம்மா?' என்று வினாப் படிவத்தில் உள்ளபடியே கேட்டார் ஒரு மாணவர். 'இல்ல தம்பி, வீட்ல சும்மாதான் இருக்கேன்' என்றார் அவர். பேசும்போதும் அவரது கைகள் ஓயவில்லை. மாணவரோ 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் குறியிட்டுவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிட்டார்.

அங்கே எவரும் பொய் சொல்லவில்லை. பிழை, அந்தப் படிவத்தைத் தயாரித்த என்னுடையது. 'வேலைக்குப் போவது' என்றால், வீட்டுப் படியைத் தாண்டிச் சென்று கூலியோ சம்பளமோ பெறுவது என்றே நம் மக்கள் பொருள் கொள்கின்றனர். 'வீட்டில் இருந்தபடி வருமானத்துக்காக ஏதேனும் செய்கிறீர்களா?' என்று கேட்டிருந்தால், விடை வேறாக இருந்திருக்கும்.

ஓர் ஆசிரியரின் படிவத்தில் நேர்ந்தால் இது சிறு பிழை. ஒரு நாட்டின் கணக்கெடுப்பில் நேர்ந்தால், கோடிக்கணக்கானோரின் உழைப்பு ஏட்டிலிருந்து மறைந்துவிடும்.

1961-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், பருவ காலத்தின் பெரும்பகுதியில் நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் உழைத்தவரும் உழைப்பாளராகவே கருதப்பட்டார். அப்போது இந்தியப் பெண்களில் ஏறத்தாழ 28 சதவீதத்தினர் உழைப்பாளர்கள். 1971-இல் 'உங்கள் முதன்மையான செயல்பாடு எது?' என்பது முன்னிறுத்தப்பட்டது. 'வீட்டு வேலை' என்று விடையளித்த பெண்கள், வயலிலும் தொழுவத்திலும் உழைத்தவர்களாயினும், உழைப்பாளர் பட்டியலில் சேரவில்லை. விளைவு, பெண் உழைப்பாளர்களின் விகிதம் பாதி அளவுக்குச் சரிந்தது. பத்தாண்டுகளில் பெண்கள் உழைப்பதை நிறுத்திவிடவில்லை, வினாதான் மாறியிருந்தது.

1981-இல் முழுநேர உழைப்பாளர், குறுகிய கால உழைப்பாளர் எனப் பிரித்துக் கேட்கப்பட்டது. 1991-இல் குடும்ப நிலத்திலும் தொழிலிலும் ஊதியமின்றி உழைப்பதும் வேலையே என்பது வினாவிலேயே தெளிவாகச் சேர்க்கப்பட்டது.

மற்றோர் எடுத்துக்காட்டு வறுமைக் கணக்கு. தேசிய மாதிரி ஆய்வு நிறுவனம், கடந்த 30 நாள்களில் ஒரு குடும்பம் எதற்கெல்லாம் எவ்வளவு செலவிட்டது என்று கேட்டு வந்தது. 1990-களில் நடந்த சோதனை ஆய்வுகளில், ஒரு பகுதிக் குடும்பங்களிடம் உணவு முதலியவற்றுக்கு 7 நாள் கணக்கும், ஆடை போன்ற அரிய செலவுகளுக்கு ஓராண்டுக் கணக்கும் கேட்கப்பட்டன. புதிய முறையில் செலவு கூடுதலாகப் பதிவாகியது. வறியோர் எண்ணிக்கையோ ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

1999-2000 ஆய்வில் 7 நாள், 30 நாள் ஆகிய இரண்டு கணக்குகளும் ஒரே குடும்பத்திடம் அடுத்தடுத்துக் கேட்கப்பட்டன. முன் சொன்ன விடைக்கு ஒத்துவருமாறு பின் விடையைச் சரிசெய்வது மனித இயல்பு. வறுமை 36 சதவீதத்திலிருந்து 26 சதவீதமாகக் குறைந்துவிட்டது என்ற அந்த ஆய்வின் முடிவை முந்தைய ஆய்வுகளோடு ஒப்பிடலாமா என்பது பெரும் விவாதமாயிற்று. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற ஆங்கஸ் டீட்டன் உள்ளிட்ட அறிஞர்கள் அந்தச் சிக்கலை அவிழ்க்க ஆண்டுக்கணக்கில் உழைக்க நேர்ந்தது.

இவ்விரண்டு அனுபவங்களும் உணர்த்தும் பாடங்கள் எளியவை. எந்தக் காலத்தைப் பற்றிக் கேட்கிறோம் என்பது திட்டவட்டமாக இருக்க வேண்டும். அன்றாடம் வாங்கும் காய்கறியை ஒரு மாதத்துக்கு நினைவில் வைத்திருப்பது கடினம். ஆண்டுக்கு ஒருமுறை வாங்கும் பட்டுப்புடவையை ஒரு வாரத்துக்குள் தேடினால் கிடைக்காது.

ஒரு வினாவில் ஒரு செய்தியை மட்டுமே கேட்க வேண்டும். 'நியாயவிலைக் கடையில் அரிசியின் தரமும் எடையும் சரியாக உள்ளனவா?' என்றால், தரம் மோசம், எடை சரி என்பவர் என்ன சொல்வார்? 'சிறப்பான இத்திட்டத்தால் பயனடைந்தீர்களா?' என்பது வினாவே அன்று. விடையை வாயில் ஊட்டுவது. விடைக்கான தெரிவுகளில் '30 வயது வரை', '30 வயது முதல்' என்று இருந்தால், முப்பது வயதுக்காரர் எந்தக் கட்டத்தில் நிற்பார்? 'தெரியாது' என்று சொல்லவும் இடம் வேண்டும். இல்லையேல் அறியாமையும் கருத்தாகப் பதிவாகிவிடும். வருமானம், சாதி, கடன் போன்றவற்றை எடுத்த எடுப்பில் கேட்டால் கதவு அடைபடும். அவை இறுதியில் வருவதே நலம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, ஆங்கிலத்தில் எழுதிய படிவத்தை அகராதி கொண்டு தமிழாக்கிக் களத்துக்கு எடுத்துச் செல்லக் கூடாது. தமிழாக்கத்தை மூலம் அறியாத ஒருவர் மீண்டும் ஆங்கிலமாக்க, இரண்டையும் ஒப்பிட வேண்டும். பிறகு இருபது முப்பது பேரிடம் கேட்டுப் பார்த்து, 'இந்த வினாவுக்கு என்ன பொருள் கொண்டீர்கள்?' என்றும் விசாரிக்க வேண்டும். அந்தக் கிராமத்துக்குச் செல்லும் முன் நான் இதைச் செய்திருந்தால், பீடி சுற்றிய அந்தக் கைகள் என் கணக்கில் விடுபட்டிருக்காது.

தேர்தல் கணிப்பு முதல் நலத்திட்ட மதிப்பீடு வரை நாள்தோறும் சதவீதங்கள் நம்மை வந்தடைகின்றன. எத்தனை பேரிடம் கேட்டார்கள் என்று வினவுகிறோம்; என்ன கேட்டார்கள் என்று வினவுவதில்லை. ஆய்வு முடிவை வெளியிடுவோர் வினாப் படிவத்தையும் சேர்த்தே வெளியிட வேண்டும். ஊடகங்கள் அதனைக் கேட்டுப் பெற வேண்டும். கணக்கில் வராதவருக்குத் திட்டத்தில் இடமில்லை. அவர் கணக்கில் வருவாரா என்பதை முடிவு செய்வது வினாதான்.

கட்டுரையாளர்:
பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).