திரைச்சீலையும் திறந்தவெளியும்

1874ஆம் ஆண்டில் நாவலப்பிட்டிக்குப் புகைவண்டி வந்து சேர்ந்தது. மலைநாட்டின் விளைபொருளைத் துறைமுகத்துக்குக் கொண்டுசெல்ல ஆங்கிலேயர் இட்ட பாதை அது. அந்நூற்றாண்டில் அவர்களுடைய கருவிகள் மட்டுமன்றி, அவர்களுடைய கலைப்பழக்கங்களும் கீழைநாடுகளுக்குள் நுழைந்தன. நாடக மேடை அவற்றுள் ஒன்று.

ஆங்கில நாடகம் பயிலும் நம் மாணவர் ஷேக்ஸ்பியரை முடித்துவிட்டுப் பெர்னார்ட் ஷாவிடம் தாவிவிடுவர். இடைப்பட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டை நாடகமற்ற பாலைவனம் என்று எண்ணுவாரும் உளர். அந்நூற்றாண்டில் நிலைத்த நாடக நூல்கள் சிலவே என்பது மெய்தான். ஆயினும், நாம் இன்று "மேடை" என்று கருதுவதைச் சமைத்த காலம் அதுவே.

1737ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின், இலண்டன் நகரில் உரைநாடகம் நடத்தும் உரிமை பெரும்பாலும் டுரூரி லேன், கொவென்ற் கார்டன் என்னும் இரு அரங்குகளுக்கே இருந்தது. ஏனைய அரங்கினர் வசனத்தோடு இசையைக் கலந்து சட்டத்துக்குத் தப்பினர். கண்ணீரும் திகிலும் நிறைந்த இசை கலந்த நாடகங்கள் செழித்தன. 1843இல் அத்தனியுரிமை ஒழிந்தது. எனினும் ஏட்டை அரண்மனை அதிகாரியிடம் காட்டி அனுமதி பெறும் கட்டாயம் 1968 வரை நீடித்தது.

மேடையின் தோற்றமும் மாறிற்று. டுரூரி லேன் மேடையில் 1817இல் வாயு விளக்கு எரிந்தது. 1881இல் சவோய் அரங்கில் மின்விளக்கு ஒளிர்ந்தது. 1880இல் ஹேமார்க்கெற் அரங்கில் பான்குரொவ்ற் என்பார் மேடையைச் சுற்றிப் பொன்வண்ணச் சட்டம் அமைத்தார். நாடகம் சட்டமிட்ட ஓவியமாயிற்று. அவரே மேடைக்கு முன்னிருந்த மலிவான இருக்கைகளை அகற்றிச் செல்வர்க்குரிய ஆசனங்களை இட்டார். இடமிழந்தோர் முதல் நாளிரவே ஆரவாரித்து எதிர்த்தனர். ஆயினும் ஆசனங்களே நிலைத்தன.

இம்மேடையே நம்மை வந்தடைந்தது. 1891இல் சுந்தரம் பிள்ளை, லிற்றன் பிரபுவின் கதையொன்றைத் தழுவி மனோன்மணீயம் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே பம்மல் சம்பந்த முதலியார் சென்னையில் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்தார். ஹாம்லெற்று "அமலாதித்யன்" ஆனான். அச்சபையார் 1911இல் இலங்கைக்கு வந்து நடித்தனர். கலையரசு சொர்ணலிங்கம் முதலியாரையே தம் குருவாகக் கொண்டார். இங்கும் சபைகள் எழுந்தன. கற்றோர் மேடையேறுவது இழிவன்று என்னும் எண்ணம் வேரூன்றிற்று. அது பெரும் பேறே.

ஆயின், நேயர்களே, இதே காலத்தில் தமிழகத்திலிருந்து தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர் வேறொரு நாடகத்தைத் தம்மோடு கொண்டுவந்தனர். மாசி மாதத்தில் தப்பு முழங்க, ரதியும் மதனும் ஆட, சிவபெருமானின் நெற்றிக்கண்ணால் காமன் எரிந்து மீளும் காமன் கூத்து அது. திரையில்லை, சட்டமில்லை, நுழைவுச்சீட்டு இல்லை. சூழ்ந்து நிற்போரே அதன் சுவர்.

சபை மேடையைக் கண்டு பழகிய கண்கள் பல, இதனை நாடகமென்று ஒப்பவில்லை. திரைச்சீலையை நாடகத்தின் இலக்கணமாகக் கொண்டதன் விளைவு இது. அதுவோ ஒரு நாட்டின் ஒரு நூற்றாண்டுப் பழக்கம் மட்டுமே.

பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில மேடையை நாம் பயில வேண்டுவது இதன் பொருட்டே. வந்த பொருள் எது, இருந்த பொருள் எது என்று பிரித்தறிந்தவன், ஒன்றை மதிப்பதற்காக மற்றொன்றை இகழான். புகைவண்டியில் ஏறி வந்த கலைக்கும், தோளில் தப்பைச் சுமந்து நடந்து வந்த கலைக்கும் நம் வரலாற்றில் இடமுண்டு.