ஹலிஃபாக்ஸ் லேத்தும் எங்கள் பள்ளிக்கூடமும்

லண்டனில் நான் பட்டறை உதவியாளனாக வேலை செய்யும் பள்ளிக்கூடத்தில் ஒரு லேத் வாங்கக் காசு ஒதுக்கினார்கள். ஒன்றுக்குத்தான் காசு. தலைமை ஆசிரியர் புத்தம்புதிய சின்ன மெசின் ஒன்றின் படத்தைக் காட்டினார். நான் பழைய பொக்ஸ்ஃபோர்ட் வேண்டும் என்றேன். ஒரு மாதிரிப் பார்த்தார். அகதியாக வந்தவனுக்குப் பழசில்தான் கண் போகும் என்று நினைத்தாரோ என்னவோ.

அந்தப் பழசுக்கு ஒரு கதை இருக்கிறது. அமெரிக்காவின் சவுத் பெண்ட் லேத்தைப் பார்த்து, போர் முடிந்த கையோடு 1946 இல் யோர்க்‌ஷயரின் ஹலிஃபாக்ஸ் நகரில் செய்யத் தொடங்கியது அது. ஏ மாதிரியில் புரி வெட்டக் கியர்ப்பெட்டி இருக்கும். சி மாதிரியில் பல்லுச்சில்லைக் கையால் கழற்றி மாற்ற வேண்டும். பெடியளுக்கு சிதான் நல்லது என்பேன். எந்தச் சில்லு எதைச் சுற்றுகிறது என்று கண்ணால் பார்ப்பார்கள்.

1972 இல் பள்ளிக்கூடம் விடும் வயது 15 இலிருந்து 16 ஆனது. கூடுதலாக ஒரு வருடம் இருக்கப்போகும் பிள்ளைகளுக்காகப் புதுக் கட்டடங்கள் எழும்பின, பட்டறைகளும் வந்தன. பிறகு 1990 இல் புதிய பாடத்திட்டம். அரம் பிடிப்பதைவிட வடிவமைப்பு பெரிதாயிற்று. 2004 இல் 14 வயதுக்கு மேல் அந்தப் பாடம் கட்டாயமில்லை என்றார்கள். லேத்துகள் ஏலத்துக்குப் போயின.

மலிவாகவும் போயின. பள்ளிக்கூட மெசின்கள் பெரும்பாலும் மூன்று பேஸ் மின்சாரத்தில் ஓடுபவை. வீட்டுக் கொட்டிலில் வைத்து ஓட்டுபவர்களுக்கு அது தலையிடி. எங்கள் பட்டறையில் அந்த இணைப்பு ஏற்கனவே இருந்தது. வாரத்துக்குச் சில மணி நேரமே ஓடியதால் படுக்கையும் அவ்வளவாகத் தேய்ந்திருக்காது. (ஊரில் மாமாவின் பட்டறை லேத், சக்குக்குக் கிட்டக் குழியே விழுந்து கிடந்தது.)

ஆனால் தலைமை ஆசிரியரின் பயத்திலும் நியாயம் இருந்தது. இதில் சக் புரியில் திருகி நிற்பது. எதிர்ப்பக்கம் சுற்றவிட்டால் கழன்று வரலாம். 1998 இல் வந்த சட்டவிதிப்படி சக்குக்கு மறைப்பும் அவசர நிறுத்தியும் வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குக் காட்டினேன். அப்போதும் புதிதைவிடக் குறைவுதான்.

மெசின் வந்து இறங்கிய அன்றே மின்வேலைக்காரரைக் கொண்டு எதிர்ச்சுழற்சி வயரைக் கழற்றுவித்தேன். அதற்குப் பிறகுதான் தலைமை ஆசிரியரைக் கூப்பிட்டேன்.