சிவப்புத் தொலைபேசிக் கூடுகள்: நோர்வே காத்து வைத்திருக்கும் நினைவு

ஒஸ்லோவின் சில தெருமுனைகளில் இன்னும் ஒரு சிவப்புத் தொலைபேசிக் கூடு நிற்கிறது. உள்ளே கோல் எடுக்க முடியாது. சிலவற்றில் புத்தகங்கள் அடுக்கப்பட்டிருக்கும். இங்கு பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது ஒரு சின்ன வாசிகசாலை. எண்பதுகளில் வந்த எங்களுக்கு அது ஊருக்குப் போகும் ஒரே வாசல்.

இந்தக் கூட்டை வடிவமைத்தவர் யேயோர்க் பிரெட்ரிக் பாஸ்டிங் என்ற கட்டடக் கலைஞர். 1932 இல் நடந்த போட்டியொன்றில் அவரது வரைபடம் வென்றது. 1933 இல் முதலாவது கூடு ஒஸ்லோத் துறைமுகத்தில் வைக்கப்பட்டது. பின்னர் நாடெங்கும் ஏறக்குறைய 6,000 கூடுகள் நிறுவப்பட்டன. கைத்தொலைபேசி வந்ததும் அவை ஒவ்வொன்றாக அகற்றப்பட்டன. எல்லாம் போய்விடுமுன், 2007 இல், உரிமையாளரான ரெலெனோர் நிறுவனமும் றிக்ஸ்அன்டிக்வாரன் எனப்படும் அரச மரபுரிமைத் திணைக்களமும் 100 கூடுகளை அவை நின்ற இடங்களிலேயே பாதுகாக்க உடன்பட்டன.

கூடுகள் மட்டுமல்ல. ஒஸ்லோ நகர மையத்தில், கொங்கென்ஸ் வீதியில், 1924 இல் நிறைவடைந்த பழைய தந்திக் கட்டடம் இருக்கிறது. அதை வரைந்த ஆர்னெபெர்க், பவுல்சன் இருவருமே பின்னர் ஒஸ்லோ நகரசபைக் கட்டடத்தையும் வரைந்தவர்கள். வடக்கே லொபோட்டனில் உள்ள சோர்வோகனிலிருந்து 1906 இல் ரொஸ்ட் தீவுக்குக் கம்பியில்லாத் தந்தி இயங்கத் தொடங்கியது. மீன்பிடிக் காலச் செய்திகளுக்காக எழுந்த அந்த நிலையத்தின் கதையை இன்று அங்குள்ள அருங்காட்சியகம் சொல்கிறது. அயல்நாடான சுவீடனில் கிரிமெட்டன் வானொலி நிலையம் 2004 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

இவை தாமாகத் தப்பவில்லை. நோர்வேயின் 1978 ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டப்படி, 1537 க்கு முற்பட்ட சின்னங்களுக்குப் பாதுகாப்புத் தானாகவே உண்டு. அதற்குப் பிற்பட்ட பெரும்பாலானவற்றுக்கு யாராவது கேட்க வேண்டும், யாராவது தீர்மானிக்க வேண்டும். தந்தியும் தொலைபேசியும் இந்த இரண்டாவது வகை.

கணக்கியல் படித்த எங்களுக்கு இது விளங்கும். பெறுமானத்தேய்வு கழித்துக் கழித்து ஒரு சொத்தின் ஏட்டுப் பெறுமதி பூச்சியமாகிவிடும்.  ஆனால் அந்தக் கூட்டுக்குள் நின்று பேசியவர்களின் பெறுமதி எந்த ஏட்டிலும் பதியப்படவில்லை.

அதைப் பதிய வேண்டியவர்கள் நாங்கள்தான். பனியில் வரிசையில் நின்றோம். குரோணர் நாணயங்களைக் கையுறைக்குள் பொத்தி வைத்திருந்தோம். ஊர் வீட்டில் தொலைபேசி இல்லை. இன்ன நாள், இன்ன நேரம் கோல் வரும் என்று முன்கூட்டியே கடிதம் எழுதி, அம்மாவைத் தொலைபேசி உள்ள வீட்டுக்கு வரச்சொல்வோம். 1990 இல் போர் மீண்டும் மூண்டு யாழ்ப்பாணத்தின் இணைப்பு அறுந்தபின், கொழும்புக்கு வந்து சேர்ந்தவர்களோடுதான் பேச முடிந்தது. அவர்கள் கொமினிகேசன் கடையில் காத்திருப்பார்கள். நாணயம் முடியுமுன் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று கேட்டுவிட வேண்டும். சில சாவுச் செய்திகளை நாங்கள் அந்தக் கண்ணாடிகளுக்குள் நின்றுதான் கேட்டோம்.

நோர்வே தனது கூடுகளைக் காப்பாற்றிவிட்டது. அவற்றுள் பேசப்பட்ட தமிழை யாரும் காப்பாற்றவில்லை. அந்தக் கோல்களை எடுத்த தலைமுறைக்கு இப்போது வயதாகிறது. சிலர் எங்களை விட்டும் போய்விட்டார்கள்.

செய்யக்கூடியது பெரிய வேலையல்ல. அடுத்த ஞாயிறு பிள்ளைகளோடு ஒரு சிவப்புக் கூட்டடிக்குப் போங்கள். முதல் கோல் எந்தத் தெருவிலிருந்து, எந்த ஆண்டு, யாருக்கு எடுத்தீர்கள், என்ன சொன்னீர்கள் என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்யட்டும். ஒஸ்லோ ஷெல்சோஸிலுள்ள தொழில்நுட்ப அருங்காட்சியகத்துக்கும் ஒருமுறை கூட்டிச் செல்லுங்கள். நாட்டின் தொலைத்தொடர்புச் சேகரிப்பு அங்கேதான் இருக்கிறது. பழைய கருவிகளைப் பார்க்கும்போது, மறந்த பெயர்களும் இலக்கங்களும் உங்களுக்கு நினைவுக்கு வரலாம். வந்தால் உடனே எழுதி வையுங்கள்.