ஆர்.சி. புத்தகத்தில் மாறிய ஒரே ஒரு சொல்

பழைய கார் ஒன்றை வாங்கி, அப்பாவும் பிள்ளையுமாக வீட்டுக் கொட்டகையில் நிறுத்தி, வருடக்கணக்கில் கழற்றி மாட்டிப் புதிதாக்குவது அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கம். அதிலும் 'மசில் கார்' என்று அவர்கள் சொல்லும் வண்டிகளுக்குத் தனி மவுசு. நடுத்தர அளவுக் காரில் மிகப் பெரிய என்ஜினை ஏற்றினால் அதுதான் மசில் கார்.

1964-ல் வந்த போன்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகைக்குப் பிள்ளையார் சுழி போட்டது என்பார்கள். இந்த அளவுக் காரில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட என்ஜின் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்குள் ஒரு விதி இருந்தது. போன்டியாக் பிரிவினர் 389 கன அங்குல என்ஜினை, விரும்பியவர் காசு கொடுத்துப் போட்டுக்கொள்ளும் கூடுதல் வசதி என்று பட்டியலில் எழுதி விதியைத் தாண்டினார்கள். நம் கணக்கில் அது ஏறக்குறைய 6.4 லிட்டர் என்ஜின், 325 குதிரைத் திறன். விதிக்கும் குறிப்புக்கும் நடுவில் சந்து கண்டுபிடிப்பது குமாஸ்தாக்கள் மட்டும் அறிந்த கலை அல்ல என்று தெரிகிறது!

ஜவ்வாது மலைப் பாதையில் அந்த மாதிரிக் கார் ஏறியதாக நான் கேள்விப்பட்டதில்லை. நம் மலைக்கு வந்த அமெரிக்க வண்டி வேறு. அதைப் பிரித்துத் திருப்பிக் கட்டிய அப்பாக்களும் நம் பக்கம் உண்டு. அவர்களைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன்.

அந்த வண்டி ஜீப். 1940-ல் அமெரிக்க ராணுவம், எந்தக் கரடுமுரடான தரையிலும் ஓடக்கூடிய சின்ன வண்டி ஒன்று வேண்டும் என்று கேட்டது. பாண்டம் என்ற சிறு கம்பெனி முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது. வில்லிஸ், ஃபோர்டு ஆகிய இரு கம்பெனிகளும் போர் முடிவதற்குள் 6 லட்சத்துக்கு மேல் செய்து தள்ளின. போர் முடிந்ததும் மிச்சப்பட்டவை ஏலத்துக்கு வந்தன. 1947-ல் பம்பாயில் மகிந்திரா நிறுவனம் வில்லிஸ் ஜீப்பைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டத் தொடங்கியது. 1952 அக்டோபர் 2 அன்று சமுதாய வளர்ச்சித் திட்டம் ஆரம்பமானது. அதன்பின் ஒன்றியம்தோறும் 'பி.டி.ஓ. ஜீப்பு' என்பது ஊரார் எல்லோருக்கும் தெரிந்த ஒன்றாயிற்று.

நம் ஊர்களில் ஓடிய அமெரிக்கக் கார்களின் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1926-லிருந்து சென்னையில் ஃபோர்டு கம்பெனி இருந்தது. 1928-லிருந்து பம்பாயில் ஜெனரல் மோட்டார்ஸ் செவர்லே வண்டிகளைப் பூட்டியது. உதிரிபாகங்களையும் உள்நாட்டிலேயே செய்ய ஒப்புக்கொள்ளாதவர்களுக்கு இடமில்லை என்று சுதந்திர இந்தியாவின் அரசு சொன்னதும், 1950-களின் நடுவில் இருவரும் கடையைக் கட்டினார்கள். புதிதாக வரவில்லை, இருந்ததைச் சாகவும் விட முடியாது. பிளிமத், டாட்ஜ் போன்ற பெரிய வண்டிகளின் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசல் என்ஜினை ஏற்றி வாடகைக்கு ஓட்டினார்கள். 'பிளஷர் கார்' என்று நாம் அந்தக் காலத்தில் அண்ணாந்து பார்த்தவற்றில் பல, கடைசிக் காலத்தில் லாரிபோலக் கடகடவென்று ஓடியது ஞாபகம் இருக்கும். சென்னையில் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் டீசல் என்ஜின்களைத் தயாரித்தது இதற்குக் கைகொடுத்தது. கழற்றிப் பார்த்தே கற்றுக்கொள்வது நம்மவர்களுக்குப் புதிதுமில்லை. கோவை ஜி.டி. நாயுடு இளவயதில் ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்துப் பூட்டித்தான் தன் இயந்திரப் படிப்பைத் தொடங்கினார்.

1973 அக்டோபரில் மேற்காசியப் போர் வந்தது. எண்ணெய் விலை பல மடங்கு ஏறியது. காப்பீட்டுக் கட்டணமும் புகைக் கட்டுப்பாடும் ஏற்கெனவே மசில் கார்களின் கழுத்தை நெரித்திருந்தன. எண்ணெய் விலை மிச்சத்தை முடித்துவைத்தது. அதே விலையேற்றம் நம் நாட்டில் பெட்ரோல் ஜீப் வைத்திருந்தவர்களை டீசல் பக்கம் துரத்தியது. அமெரிக்காவில் ஒரு வகை வண்டிக்குச் சாவுமணி அடித்த அதே நெருக்கடி, நம் பட்டறைகளுக்கு வேலை கொடுத்தது.

என் அப்பாவுக்குச் சொந்த ஊர் போளூர். பிழைப்புக்குப் புதுச்சேரி போய், பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்தே அங்கே மோட்டார் மெக்கானிக்காக இருந்தவர். அதனால்தான் என் படிப்பு பிரெஞ்சு மொழியில் அமைந்தது. வயதான பிறகு ஊர் திரும்பினார். வட ஆற்காடு மாவட்டம் பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான 1989-ஆம் ஆண்டு, அரசு கழித்துவிட்ட ஜீப் ஒன்றைப் பொது ஏலத்தில் எடுத்தார். போளூரிலிருந்து அத்திமூர் வழியாக ஜமுனாமரத்தூருக்கு ஏறி இறங்க ஒரு வண்டி வேண்டும் என்பது அவர் எண்ணம்.

அது உயர்ந்த பானட் வைத்த சி.ஜே.3பி மாடல். 1953-ல் வில்லிஸ் கம்பெனி கொண்டுவந்தது. புதிய என்ஜின் பழையதைவிட உயரமாக இருந்ததால் பானட்டையும் தூக்கிவிட்டார்கள். அழகில்லை என்று அமெரிக்காவில் முகம் சுளித்தார்களாம். அங்கே 1968-ல் நின்றுபோன அந்த மாடலை, நம் நாட்டில் அதற்குப் பிறகும் பல வருடங்கள் செய்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பெட்ரோல் என்ஜினுக்கு 2199 சி.சி.; சுமார் 72 குதிரைத் திறன். அப்பா அதை இறக்கிவிட்டு, விபத்தில் நொறுங்கிய வேறொரு ஜீப்பின் டீசல் என்ஜினை வாங்கி வந்தார். பிரான்ஸ் நாட்டு பெழோ கம்பெனியின் உரிமத்தில் மகிந்திரா செய்த எக்ஸ்.டி.பி. 4.90 என்ஜின் அது. நம் மெக்கானிக்குகள் 'பீஜோ' என்பார்கள். 4 என்றால் நான்கு சிலிண்டர், 90 என்றால் சிலிண்டரின் குறுக்களவு 90 மில்லிமீட்டர். 2112 சி.சி.; 62 குதிரைத் திறன்.

கவனியுங்கள், அமெரிக்க அப்பா குதிரைத் திறனைக் கூட்டுவதற்காக வண்டியைப் பிரிக்கிறார். என் அப்பா பத்துக் குதிரைகளைக் குறைப்பதற்காகப் பிரித்தார்! அப்படியானால் மலை ஏறுவது எப்படி என்று நானே கேட்டேன். "மலை ஏறுறது என்ஜின் இல்லப்பா, பல்லு" என்றார். கணக்குப் போட்டால் அது சரிதான். சி.ஜே.3பி-யில் முதல் கியர் ஏறக்குறைய 2.8 மடங்கு, அதன்மேல் லோ கியர் 2.46 மடங்கு, பின்னச்சில் 5.38 மடங்கு. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். சக்கரம் ஒரு சுற்று சுற்ற, என்ஜின் 37 சுற்று சுற்றுகிறது. வேகம் மாட்டுவண்டி வேகம். இழுவை யானை இழுவை. இந்தப் பல்சக்கரங்கள் இருக்கும்போது சிக்கனமான என்ஜினே போதும்.

வேலை சொல்வதுபோல் சுலபமில்லை. பெழோ என்ஜினின் துளைகளும் வில்லிஸ் கியர் பாக்ஸின் துளைகளும் பொருந்தாது. இரண்டுக்கும் நடுவில் தடித்த இரும்புத் தட்டு ஒன்றை லேத்தில் கடைந்து வைக்க வேண்டும். அதன் மையம் மயிரிழை விலகினாலும் கியர் பாக்ஸ் பேரிங் சீக்கிரம் போய்விடும். அப்பா அந்தத் தட்டை மூன்று தடவை கடைய வைத்தார். டீசல் என்ஜின் பெட்ரோல் என்ஜினைப்போல மூன்று மடங்குக்கு மேல் காற்றை அழுத்துவதால் ஆட்டம் அதிகம். சேஸில் புது மவுண்டிங் வைத்து வெல்டிங் செய்தார். முன் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூட்டினார். பெட்ரோல் டாங்கிக்கு ஒரு குழாய் போதும்; டீசலுக்கு, மிஞ்சியது திரும்பி வர இன்னொரு குழாய் வேண்டும். பெட்ரோல் வண்டி சாவியைத் திருப்பினால் நின்றுவிடும். டீசலை மறித்தால்தான் இது நிற்கும் என்பதால், டாஷ்போர்டில் இழுக்கும் கம்பி ஒன்று வந்தது. காலையில் குளிரில் ஸ்டார்ட் ஆக ஹீட்டர் பிளக்கும் பெரிய பேட்டரியும் வந்தன.

பிரெஞ்சுப் படிப்பு எனக்குச் சோறு போட்டதைவிட அந்த நாட்களில்தான் அதிகம் உதவியது. புதுச்சேரியில் எங்கள் உறவினர் ஒருவர் 'சொல்தா', அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குபவர். பிரான்ஸிலும் ஓச்கிஸ் என்ற கம்பெனி ராணுவத்துக்காக இதே வில்லிஸ் ஜீப்பை உரிமம் வாங்கிச் செய்தது. அதை ஓட்டியவர் அவர். பெழோ என்ஜின் பற்றிய பிரெஞ்சுக் கையேடு ஒன்றை அவர் கொடுத்தார். சனி, ஞாயிறுகளில் நான் போளூருக்கு வந்து படித்துச் சொல்வேன். "இவன் என்ன போட்டிருக்கான், பாரு" என்பார் அப்பா. குலாஸ் என்றால் சிலிண்டர் ஹெட். சூபாப் என்றால் வால்வு. பள்ளியில் லா ஃபோந்தேனின் நீதிக் கதைகளை ஒப்பித்த எனக்கு, வால்வுக்கு எத்தனை மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும் என்பதை அந்த மொழியில் படிப்பது புது அனுபவமாக இருந்தது. அப்பா ஃபீலர் கேஜை வைத்துப் பார்த்துவிட்டு, பெரும்பாலும் தன் கை ஏற்கெனவே சொன்னதுதான் புத்தகத்திலும் இருக்கிறது என்பார்.

வேலை முடிந்ததும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகம். 1988-ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டம் அப்போதுதான், 1989 ஜூலை 1 முதல், நடைமுறைக்கு வந்திருந்தது. அதன் 52-ஆம் பிரிவுப்படி வண்டியில் செய்த மாற்றத்துக்கு ஒப்புதல் வாங்கிப் பதிவுச் சான்றில் எழுதிக்கொள்ள வேண்டும். எழுதிக் கொடுத்தார்கள். புது என்ஜின் எண் ஏறியது. எரிபொருள் என்ற இடத்தில் 'பெட்ரோல்' அடிக்கப்பட்டு 'டீசல்' ஆனது. வாழ்நாள் முழுவதும் கோப்புகளோடு குடும்பம் நடத்திய எனக்கு அதில் ஒரு வருத்தம் உண்டு. ஏழு மாத உழைப்புக்கு அரசு ஆவணத்தில் கிடைத்த இடம் ஓர் எண், ஒரு சொல். மூன்று தடவை கடைந்த தட்டைப் பற்றி எந்தக் கோப்பிலும் இல்லை.

மலையில் அந்த வண்டி சுமந்தது சாமை மூட்டை, புளி, கடுக்காய், பலாப்பழம். டீசலுக்கு ஸ்பார்க் பிளக் கிடையாது. ஆகவே காட்டாறு குறுக்கிட்டுத் தண்ணீர் தெறித்தாலும் பெட்ரோல் வண்டிபோலச் சட்டென்று அணைந்துவிடாது. அப்பா இதைத்தான் பெரிய லாபமாகச் சொல்வார். அந்நாளில் உள்கிராமங்களிலிருந்து பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணை டோலி கட்டித்தான் பாதைவரைக்கும் தூக்கி வருவார்கள். அங்கிருந்து இறங்க ஏதாவது ஒரு ஜீப் இருக்க வேண்டும். ஒரு மழை இரவில் அப்படி ஒரு பெண்ணை அப்பா அடிவாரத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். தாயும் குழந்தையும் பிழைத்தார்கள். மறுவருடம் அந்த வீட்டிலிருந்து ஒரு மூட்டைச் சாமை வந்தது. அதன்பின் அப்பாவின் எதிரில் நான் குதிரைத் திறன் பேச்சை எடுத்ததில்லை.

2008-ல் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. சாலைகள் மேம்பட்டிருக்கின்றன, பஸ்கள் கூடியிருக்கின்றன. இவை நல்லவையே. இன்னொரு பக்கம், 52-ஆம் பிரிவு 2000-த்தில் திருத்தப்பட்டு இறுக்கமாயிற்று. தயாரிப்பாளர் சொன்ன அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. பாதுகாப்பையும் புகையையும் நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் அமெரிக்க மசில் கார்களுக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, ஏலத்தில் கோடிக்கணக்கில் விலை இருக்கிறது. அமெரிக்க உடம்பில் பிரெஞ்சு இதயத்தை வைத்து ஜவ்வாது மலை ஏற்றிய நம் பட்டறைக்காரர்களுக்கு ஒன்றும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் எழுதத் தெரியாதவர்கள், அல்லது எழுத நேரமில்லாதவர்கள். உங்கள் வீட்டுப் பரணிலோ பெட்டியிலோ பழைய ஆர்.சி. புத்தகம் கிடந்தால், எரிபொருள் என்ற வரியைப் பாருங்கள். அங்கே ஒரு சொல் அடித்துத் திருத்தப்பட்டிருந்தால், அதன் பின்னால் ஒரு மனிதரின் பல மாத உழைப்பு இருக்கிறது. அவர் பெயரையாவது பக்கத்தில் எழுதி வையுங்கள்.