மரியான் நோர்த்

மரியான் நோர்த் (அக்டோபர் 24, 1830 – ஆகஸ்ட் 30, 1890) செடிகொடிகளையும் நிலக்காட்சிகளையும் சிறு எண்ணெய் வண்ண ஓவியங்களாக வரைந்த ஆங்கிலேயர் ஆவார். முறையான ஓவியக் கல்வியை அதிகம் பெறாத இவர், தந்தை 1869 இல் இறந்தபின் உலகப் பயணங்களை மேற்கொண்டார்.

ஓவிய முறை

அக்காலத் தாவர ஓவியர்கள் பெரும்பாலும் செடியைத் தனியே பிரித்து, வெள்ளைத் தாளில் நீர்வண்ணத்தால் வரைந்தனர். நோர்த் தடித்த தாளில் மையால் கோட்டுருவம் இட்டு, அதன்மேல் எண்ணெய் வண்ணம் தீட்டினார். செடிக்குப் பின்னால் அது வளரும் மலையோ காடோ குளமோ இருக்கும். பூ வாடுவதற்குள் முடிக்கவேண்டி விரைவாக வரைந்ததால் சில ஓவியங்கள் முரடாகத் தோன்றும். எனினும் அவை நேரில் கண்டு வரையப்பட்டவை. சரவாக்கில் இவர் வரைந்த ஒரு குடுவைச் செடி அறிவியலுக்குப் புதிய இனமாக இருந்தது. 1881 இல் அதற்கு இவரது பெயரே இடப்பட்டது.

இந்தியப் பயணம்

1877–1879 காலப்பகுதியில் இந்தியாவில் பயணம் செய்தார். தஞ்சாவூரில் நீதிபதியும் சமஸ்கிருத அறிஞருமான ஏ. சி. பர்னலைச் சந்தித்தார். இந்துக்கள் புனிதமாகக் கருதும் செடிகளை வரைவதில் இச்சந்திப்பு இவரை ஈடுபடுத்தியது.

காட்சியகம்

லண்டன் கியூ தாவரவியற் பூங்காவில் இவர் தம் செலவில் கட்டிய காட்சியகம் 1882 இல் திறக்கப்பட்டது. 800க்கும் மேற்பட்ட ஓவியங்கள் அங்கே சுவர் தெரியாதபடி நெருக்கமாக மாட்டப்பட்டுள்ளன. பார்வையாளருக்குத் தேநீர் வழங்கும் இவரது விருப்பத்தைப் பூங்காவின் இயக்குனர் ஜோசப் ஹூக்கர் ஏற்கவில்லை. நோர்த் கதவருகே தேயிலை, காப்பிச் செடிகளை வரைந்துவைத்தார்.